வேலூர் இடிமழைக்குப் புது வீட்டைத் தயார் செய்வது எப்படி?

வேலூருக்குக் குடிபோகிறோம் என்று சொன்னபோது தெரிந்தவர்கள் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். மண்பானை வாங்கிக்கொள், மேற்கு ஜன்னலுக்குத் தட்டி கட்டு, பன்னிரண்டு மணிக்கு மேல் வெளியே தலைகாட்டாதே என்று ஆளுக்கொரு யோசனை. அந்த வெயில் மாலையில் என்னவாக மாறும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் தூத்துக்குடியில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வருவது. இங்கே பாகாயத்தைத் தாண்டி ஓட்டேரிப் பக்கம் ஒரு தனி வீட்டுக்கு மே மாதத்தில் வந்து சேர்ந்தோம். மூட்டைகளைப் பிரித்து முடிப்பதற்குள் முதல் இடிமழை வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, தெரு முழுக்க மின்சாரம் போனது, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள்.

பள்ளியில் இயற்பியல் கற்பிப்பது என் தொழில். மின்னலைப் பற்றிக் கரும்பலகையில் எழுதுவது வேறு, அது தலைக்கு மேல் வெட்டும்போது ஒரு வீட்டைக் காப்பது வேறு. பக்கத்து வீட்டு ஆயா சொன்னது, எங்கள் வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி காட்டியது, பாடப்புத்தகத்தில் உள்ளது ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடி கூரையைப் பிளந்துகொண்டு நேராக வீட்டுக்குள் இறங்குவது அபூர்வம். பெரும்பாலும் மின்கம்பி, கேபிள், குழாய் வழியாகத்தான் அதன் வேகம் உள்ளே வருகிறது. ஆகவே புது வீட்டுக்கு வந்ததும், எந்தக் கம்பி எங்கே நுழைகிறது, எந்தக் குழாய் எங்கே போகிறது, மாடித் தண்ணீர் எப்படி வடிகிறது என்று வெயில் காயும் பகலிலேயே வீட்டைப் படித்துவிடுங்கள். வேலையில் முக்கால்வாசி அதிலேயே முடிந்துவிடும்.

இங்கே ஏன் இவ்வளவு இடி

"மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு" என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. அதன் முதல் பாதி இடிமழைக்கும் பொருந்தும். ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் ஏப்ரல், மே வெயிலில் விரைவாகச் சூடேறுகின்றன. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் இங்கே சாதாரணம். சூடான காற்று மேலே கிளம்புகிறது. வங்கக்கடலிலிருந்து மாலையில் உள்நாட்டுக்குள் நுழையும் ஈரக்காற்று அதனோடு சேர்கிறது. வானிலை அறிக்கையில் வெப்பச்சலனம் என்று வாசிப்பது இதைத்தான். அப்படி எழும் மேகம் 12 கிலோமீட்டருக்கும் மேலே உயர்ந்து நிற்கும். அதற்குள் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதி உரசும்போது மின்னூட்டம் பிரிகிறது. பிரிந்தது மீண்டும் சேரும் வழிதான் மின்னல்.

கத்திரி வெயிலோடு இது முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்கே குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலும் ஜவ்வாது மலையிலும் பிற்பகலில் உருவாகும் இடிமேகங்கள், மேற்குக் காற்று தள்ள, மாலையிலோ முன்னிரவிலோ வேலூரைக் கடந்து கிழக்கே போகின்றன. தூத்துக்குடிக்காரர்களுக்கு ஜூலையும் ஆகஸ்டும் வறண்ட மாதங்கள். பழைய வடஆற்காட்டுப் பகுதிக்கோ அவை நல்ல மழை மாதங்கள். தெற்கேயிருந்து வருபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கும் சமயத்திலும் இடி உண்டு. நவம்பர், டிசம்பரில் புயல் சின்னங்களோடு வரும் மழையில் தண்ணீர்தான் கவலை, இடி குறைவு.

முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டியவை

மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும், வயதானவர்களுக்கும்கூட. எங்கள் வீட்டில் அது வராந்தாவில், மழைச்சாரல் அடிக்கும் சுவரில் இருக்கிறது. ஈரக் கையோடு, இருட்டில், இடிக்கு நடுவில் அங்கே போய் நிற்கக் கூடாது. அதனால் அணைக்க வேண்டியதை மழைக்கு முன்பே அணைக்கிறோம். டார்ச் விளக்குக்கு ஓர் ஆணியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். புது வீட்டில் பாதிப் பொருள்கள் பெட்டிக்குள் இருக்கும்போது மின்சாரம் போனால் தீப்பெட்டிகூடக் கிடைக்காது.

அடுத்தது எர்த். வாடகைக்கு வருபவர்கள் அநேகமாகக் கேட்காத விஷயம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மீட்டர் பெட்டியிலிருந்து ஒரு கம்பி சுவரோரமாக இறங்கி, வீட்டுக்கு வெளியே ஒரு சிறு குழிக்குள் போகும். அதற்குள் இரும்புக் குழாயோ செம்புக் கம்பியோ புதைக்கப்பட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் போடப்பட்டிருக்கும். வீட்டில் கசியும் மின்சாரமும், இடியால் கம்பியில் எழும் திடீர் மின் அழுத்தமும் மண்ணுக்குள் இறங்க வேண்டிய வழி அதுதான். மண்ணில் ஈரம் இருக்கும் வரைதான் அந்த வழி திறந்திருக்கும். வேலூர்ப் பக்கம் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டுகிறது. கோடையில் மேல்மண் காய்ந்து வெடித்திருக்கும். அதாவது, கடுமையான இடிமழை வரும் அதே மாதத்தில்தான் நம் எர்த் மிகவும் பலவீனமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தபோது, கம்பி மண்ணுக்குள் நுழையும் இடத்தில் துருப்பிடித்து அறுந்திருந்தது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பில் அது வெளியே தெரியவில்லை. வீட்டுக்குள் எல்லாப் பிளக்கிலும் மூன்று துளைகள் இருந்தன. மூன்றாவது துளை எங்கேயும் போய்ச் சேரவில்லை. "எர்த் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள் அக்கா, குழியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு" என்றார் அவர். நீங்கள் திறந்து பாருங்கள். கையால் கம்பியைத் தொட்டுச் சோதிக்க வேண்டாம், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் மின்தடையை அதற்கான மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு 5 ஓமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் நல்லது. சரிசெய்த பிறகும் பங்குனி முதல் ஆடி வரை வாரம் ஒரு வாளித் தண்ணீர் அந்தக் குழிக்கு ஊற்றுங்கள். துளசிச் செடிக்கு ஊற்றும்போதே இதையும் செய்துவிடுவது என் வழக்கம்.

இந்தச் செலவு யாருடையது? வீட்டு உரிமையாளரிடம் நேராகவே பேசினேன். "ஐயா, டி.வி.யும் பிரிட்ஜும் எங்களுடையவை. வயரிங்கும் போர்வெல் மோட்டாரும் உங்களுடையவை. எர்த் இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் நஷ்டம்" என்றேன். மோட்டார் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் பூமிக்குள் ஆழமாக இறங்குவதால், கம்பியில் வரும் மின்னல் வேகம் அந்த வழியாக மண்ணைத் தேடும். மோட்டாரின் கம்பிச்சுருள் கருகுவது அப்படித்தான். அதைத் தூக்கிச் சரிசெய்யும் செலவு எர்த் குழிச் செலவைவிடப் பல மடங்கு. எர்த் செலவை அவர் ஏற்றார், திடீர் மின் அழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிட மெயின் பலகையில் பொருத்தும் சர்ஜ் கருவியை நாங்கள் வாங்கினோம். இனி வீடு பார்க்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. தண்ணீர் வசதியைக் கேட்கிறோம், பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம், எர்த்தையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

கருவிகளைப் பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. மெயின் பலகையில் 'டி' (T) என்ற பொத்தானோடு இருக்கும் ஆர்.சி.சி.பி. மனிதர்களைக் காப்பது. எங்காவது மின்சாரம் கசிந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும், அழுத்தியும் விழாவிட்டால் அது பழுது. ஆனால் மின்னலால் வரும் மின் அழுத்தத்தை அது தடுக்காது. ஸ்டெபிலைசரும் தடுக்காது. மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜைச் சமன்செய்யத்தான் அது. மின்னல் அழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடுவது எஸ்.பி.டி. எனப்படும் சர்ஜ் கருவி. எர்த் சரியாக இருந்தால்தான் அதுவும் வேலை செய்யும், அதனால்தான் முதலில் குழியைப் பற்றி இவ்வளவு எழுதினேன். பெரும்பாலான எஸ்.பி.டி.களின் முகப்பில் ஒரு சிறு சாளரம் இருக்கும். பச்சை தெரிந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு தெரிந்தால் மாற்ற வேண்டும். ஒரு பெரிய மழைக்குப் பிறகு அதை ஒரு தடவை பாருங்கள்.

"பக்கத்திலேயே செல்போன் டவர் இருக்கிறது, இடி அதன் மேல்தான் விழும், நமக்குப் பயமில்லை" என்று எங்கள் தெருவில் பலர் சொல்கிறார்கள். கோயில் கோபுரத்தைக் காட்டியும் இதையே சொல்வார்கள். உயரமான அமைப்பு தன்னை ஒட்டிய சிறு வட்டத்துக்குத்தான் ஓரளவு பாதுகாப்பு. அதன் மேல் இறங்கும் மின்னல் மண்ணில் பரவி, அருகில் புதைந்திருக்கும் கேபிள்களிலும் தொங்கும் கம்பிகளிலும் அழுத்தத்தை ஏற்றும். பக்கத்தில் டவர் இருப்பது, சர்ஜ் கருவி வாங்குவதற்கு இன்னொரு காரணம்.

மொட்டை மாடி

மாடியில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் வடியும் துளை. ஆயிரம் சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் தண்ணீர். இடிமழையில் இது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே விழுந்துவிடும். வேப்பஞ்சருகு ஒரு கைப்பிடி துளையை அடைத்தால் போதும், மாடி குளமாகி, கைப்பிடிச் சுவரோரம் ஊறி, மறுநாள் படுக்கையறைக் கூரையில் ஈரம் படரும். முந்தைய குடித்தனக்காரர்கள் விட்டுப்போன உடைந்த ஓடு, காய்ந்த செடித்தொட்டி, தகரத் துண்டு எல்லாவற்றையும் கீழே இறக்கிவிடுங்கள். மழைக்கு முன்னால் வீசும் சூறைக்காற்றில் தகரத் துண்டு அடுத்த தெருவரை பறக்கும். கைப்பிடிச் சுவரின் மேல் பூந்தொட்டி வைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் காற்று அதை உருட்டிவிடும். நிரம்பிய ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன் எடை, அசையாது. மின்சாரம் போனபின் மோட்டார் ஓடாது என்பதால் தண்ணீரும் கையிருப்பில் இருக்கும். எனவே வானம் கறுப்பதற்கு முன்பே, பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம், தொட்டியை நிரப்பி மோட்டாரின் இணைப்பைத் துண்டித்துவிடுகிறோம். துணிக் கொடி இரும்புக் கம்பியாக இருந்தால் நைலான் கயிறாக மாற்றுங்கள். வீட்டை ஒட்டிய தென்னை மரத்தின் காய்ந்த மட்டைகளை வைகாசிக்கு முன் வெட்டச் சொல்லுங்கள், மரம் சர்வீஸ் வயரில் உரசினால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், நாமே ஏறி வெட்டக் கூடாது.

வருகிறது என்று எப்படித் தெரியும்

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வானிலை அறிக்கை தேவையில்லை. பகல் முழுவதும் இறுகிக் கிடந்து, நான்கு மணிக்கு வேப்ப மரத்தின் ஒரு இலைகூட ஆடாமல் நின்றால், "இன்றைக்கு இருக்கிறது, துணியை எடு" என்பார். தென்மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் வெண்மையாகக் காலிஃபிளவர் போல் எழுந்த மேகம், உச்சி தட்டையாகிப் பரவத் தொடங்கினால் அது இடிமேகம். பிறகு திடீரென்று குளிர்ந்த காற்று புழுதியோடு அடிக்கும். அந்தக் காற்று வந்தபின் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான், ஆகவே அதற்கு முன்பே வேலையை முடித்திருக்க வேண்டும்.

செல்போனில் இரண்டு செயலிகள் வைத்திருக்கிறேன். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி', நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டங்களில் மின்னல் வெட்டுகிறதா என்று காட்டும். தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலெர்ட்' எச்சரிக்கைகளைத் தமிழில் தருகிறது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்டப் பெயர்களோடு வெளியிடும் குறுகிய கால அறிவிப்பையும் பாருங்கள். அதில் வேலூரோடு திருப்பத்தூர், ராணிப்பேட்டை பெயர்களையும் கவனியுங்கள். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது, மேகத்துக்கு அந்த எல்லை தெரியாது. திருப்பத்தூருக்கு எச்சரிக்கை வந்தால், எங்களுக்கு அடுத்த முறை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இவை எதுவும் கையில் இல்லாவிட்டாலும் எண்ணத் தெரிந்தால் போதும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மின்னலைப் பார்த்ததும் நொடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்குங்கள், இடி கேட்கும்வரை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது நம் தலைக்கு மேலும் இறங்கலாம். மழைத்துளி விழவில்லையே என்று மாடியில் நிற்கக் கூடாது. மழைக்கு முன்னால் காய்ந்த காற்றில் இறங்கும் மின்னல்தான் ஆட்களை வெளியில் பிடிக்கிறது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே வெளியே போக வேண்டும்.

இடிக்கும் நேரத்தில்

டி.வி., பிரிட்ஜ், கணினி, வாஷிங் மெஷின், ரூட்டர் ஆகியவற்றின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று என் மாணவர்களே கேட்கிறார்கள். பல கிலோமீட்டர் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்கு, சுவிட்சின் உள்ளே இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. டி.வி.க்குப் பின்னால் செருகியிருக்கும் கேபிள் வயரையும் கழற்ற வேண்டும். மின் பிளக்கை மட்டும் பிடுங்கி, கேபிளை அப்படியே விட்ட வீடுகளில் செட்-டாப் பாக்ஸ் கருகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இவை எல்லாம் இடி தொலைவில் இருக்கும்போது செய்ய வேண்டியவை. தலைக்கு மேல் வந்துவிட்டால் எந்தப் பிளக்கையும் தொடாதீர்கள், போனால் டி.வி. மட்டும் போகட்டும்.

குளிப்பது, பாத்திரம் தேய்ப்பது, குழாயைத் திறப்பது மூன்றையும் ஒத்திவையுங்கள். இரும்புக் குழாயும் அதற்குள் இருக்கும் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். பிளாஸ்டிக் குழாய் என்றாலும் உள்ளே தண்ணீர் இருக்கிறதே. ஜன்னலோரம், வாசற்படி, வராந்தா வேண்டாம். இடியை வேடிக்கை பார்க்க வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காருவது இங்கே பல வீடுகளில் பழக்கம், அது திறந்த வெளிக்குச் சமம். கான்கிரீட் சுவரில் சாய்ந்து உட்காராதீர்கள், உள்ளே கம்பி ஓடுகிறது. வீட்டின் நடு அறையில், சுவரை விட்டுத் தள்ளி, ஒரு பாயில் எல்லோரும் சேர்ந்து உட்காருவதே எங்கள் ஏற்பாடு.

செல்போன் மின்னலை இழுக்கும் என்ற பேச்சில் உண்மை இல்லை. சார்ஜரில் செருகியபடி பேசுவதுதான் ஆபத்து, ஏனென்றால் அப்போது நாம் வீட்டின் மின்கம்பியோடு இணைந்திருக்கிறோம். பிற்பகலிலேயே முழுவதும் சார்ஜ் ஏற்றிவிட்டால் இரவு நிம்மதி.

குழந்தைகள் பயப்படுவார்கள், அது இயல்பு. "இதற்கெல்லாம் பயப்படலாமா" என்று அதட்டுவதால் ஒன்றும் ஆகாது. என் மகளுக்கு எண்ணும் வேலையைக் கொடுத்தேன். மின்னல் வெட்டியதும் அவள் உரக்க எண்ணுவாள், மூன்றால் வகுப்பாள், ஒரு பழைய நோட்டில் எழுதுவாள். எட்டு கிலோமீட்டர், ஆறு, மூன்று, பிறகு ஐந்து, ஒன்பது என்று அந்த எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தபோது, இடி ஒரு பக்கத்திலிருந்து வந்து மறுபக்கம் போய்விடும் என்பது அவளுக்கே புரிந்தது. வகுத்தல் கணக்கும் கைவந்தது. ஆயாவோ ஒவ்வோர் இடிக்கும் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டு மகளின் தலையைத் தடவுவார். தனியாக இருக்கும் அவரை, வானம் கறுக்கும்போதே எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிடுகிறோம். அக்கம்பக்கத்தில் தகரக் கூரையின் கீழ் தனியாக இருக்கும் வயதானவர்கள் யார் என்று புதிதாக வந்தவர்களும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

வழியில் மாட்டிக்கொண்டால்

பழைய பஸ் நிலையத்திலிருந்தோ காட்பாடியிலிருந்தோ மாலையில் இரு சக்கர வண்டியில் வீடு திரும்புபவர்களுக்குத்தான் இது. பாலாற்றுப் பாலம், ஏரிக்கரை, வயல்வெளிச் சாலை மூன்றிலும் சுற்றிலும் உயரமானது நீங்களாகவே இருப்பீர்கள். பாலத்துக்கு முன்பே ஒரு கடையிலோ வீட்டிலோ ஒதுங்கிவிடுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். கான்கிரீட் கட்டடம் நல்லது. பஸ்ஸும் கதவடைத்த காரும் நல்லவை, அவற்றின் இரும்பு உடல் மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கொண்டுபோகும். ஆட்டோ அப்படியல்ல, துணிக் கூரையும் திறந்த பக்கங்களும் பாதுகாப்புத் தராது.

புளியமரத்தடியில் ஒதுங்குவது மிகவும் ஆபத்து. மரத்தில் இறங்கும் மின்னல் அதன் ஈரம் குறைந்த அடிமரத்தைவிட, அருகில் நிற்கும் மனித உடலை எளிய வழியாகக் கண்டு தாவும். வேர் வழியாகத் தரையில் பரவும் மின்சாரம் இரண்டு கால்களுக்கு இடையிலான அழுத்த வேறுபாட்டால் உடலுக்குள் ஏறும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் அதிகமுள்ள மாடுகள், மரத்தடியில் கட்டியபடியே கூட்டமாகச் செத்துப்போவது இதனால்தான். மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் மேகம் கறுக்கும்போதே அவற்றைக் கொட்டகைக்கு ஓட்டிவிட வேண்டும், கம்பிவேலியில் கட்டவே கூடாது. ஒதுங்க எதுவுமே இல்லாத வெட்டவெளி என்றால், வண்டியை விட்டு விலகி, கால்களை ஒட்டி வைத்துக் குந்தி உட்காருங்கள். படுக்காதீர்கள். அது முழுப் பாதுகாப்பு இல்லை, வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

யாராவது மின்னலால் தாக்கப்பட்டு விழுந்துவிட்டால், தொடப் பயந்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடிபட்டவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, தாராளமாகத் தொடலாம். பெரும்பாலும் இதயமும் மூச்சும் நின்றுபோவதால்தான் உயிர் போகிறது, உடனே செயல்பட்டால் பலர் பிழைப்பார்கள். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஏறக்குறைய 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். பலர் விழுந்திருந்தால், முனகுபவர்களை விட்டு, அசைவில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள்.

ஓய்ந்த பிறகு

மின்சாரம் வந்த உடனே எல்லாவற்றையும் செருகாதீர்கள். முதலில் ஒரு விளக்கை மட்டும் போட்டு, பத்து நிமிடம் பாருங்கள். விளக்கு வழக்கத்துக்கு மாறாகப் பளீரென்று எரிந்தாலோ, மின்விசிறி வெறிபிடித்ததுபோல் சுற்றினாலோ, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்போது வீட்டுக்குள் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட்வரை வரலாம். கை காய்ந்திருக்கிறதா என்று பார்த்து மெயினை அணைத்துவிட்டு லைன்மேனுக்குச் சொல்லுங்கள். இடியைவிட இந்த அறுந்த நியூட்ரல்தான் எங்கள் தெருவில் அதிகப் பொருள்களைக் கெடுத்திருக்கிறது.

தெருவில் கம்பி அறுந்து கிடந்தால், அதில் மின்சாரம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள், தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அருகிலேயே நின்றுவிட்டால், பாதங்களைத் தரையிலிருந்து தூக்காமல் தேய்த்தபடி விலகி வாருங்கள். ஏரிப் பக்கம் குடியிருப்பவர்கள் காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், மழைக்குப் பிறகு தேளும் பூரானும் காய்ந்த இடம் தேடி வருகின்றன.

மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தின் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. புகார் சொல்லும்போது மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், புது வீட்டில் அது யாருக்கும் நினைவிருக்காது. மின் கட்டண ரசீதிலிருந்து அந்த எண்ணையும், உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும், வீட்டு உரிமையாளர், எலக்ட்ரீஷியன் எண்களையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, டார்ச் தொங்கும் ஆணிக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.